தெற்கே தலைவைத்த படம்

அந்தப் புகைப்படத்தில் அம்மா நிற்கிறா. ஐயா நிற்கிறார், சால்வையைத் தோளில் போடுவதா இடுப்பில் கட்டுவதா என்று தீர்மானிக்காத மாதிரிக் கையில் பிடித்துக்கொண்டு. அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், கமராவைப் பார்க்கவில்லை. பக்கத்துக் காணி மாமி சேலைத் தலைப்பால் வாயை மூடியிருக்கிறா. ஓரத்தில் எங்கள் வாய்க்கால் வரிசையில் காணி எடுத்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவருக்கு அரை முகம்தான் விழுந்திருக்கிறது. நடுவில் பெட்டிக்குள் அக்கா.

படத்தில் இல்லாதவர்கள் நானும் அக்கா பெற்றுவிட்டுப் போன பிள்ளையும். பிள்ளை பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. பச்சைக் குழந்தையைச் செத்தவீட்டில் வைத்திருக்கக்கூடாதென்று மாமி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் யாழ்ப்பாணத்துப் பக்கம் ஆசிரிய கலாசாலையில் இருந்தேன். தந்தி என் கைக்கு வந்தபோது பெட்டி சுடலைக்குப் போய்விட்டது. பிறகு கேட்டறிந்ததில், படக்காரர் எங்கள் வாசலில் முக்காலியை விரித்த நேரத்தில் நான் சித்திரப் பரீட்சையில் இருந்திருக்கிறேன். ஒரு மண்பானையையும் இரண்டு கத்தரிக்காயையும் பார்த்து நிழல் போட்டுக்கொண்டிருந்தேன். பானைக்கு நிழல் நன்றாக விழுந்திருந்தது. நல்ல புள்ளியும் கிடைத்தது.

சாம்பல் அள்ளுகிற காடாத்துக்குத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சாம்பலைத்தான் பார்த்தேன்.

எங்கள் ஆட்கள் குடாநாட்டில் நிலமில்லாமல் கிளிநொச்சிப் பக்கம் குளத்துக் குடியேற்றத்துக்கு வந்தவர்கள். ஐயா காணிக் கந்தோரில் பெருவிரலை மையில் தோய்த்து வயலும் மேட்டுக்காணியும் எடுத்தார். காடு வெட்டும்போது அக்காவுக்கு எட்டு வயதிருக்கும். அவா வேர் பொறுக்கினா; நான் பள்ளிக்கூடம் போனேன். குடும்பத்தில் ஒருவனாவது எழுத்துத் தெரிந்தவனாக இருக்கட்டும் என்று ஐயா வைத்த ஒழுங்கு அது. அக்கா அதைப்பற்றிக் கதைத்தது எனக்கு நினைவில்லை. நான் சிலேற்றில் எழுதினால் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பா. எழுத்தைப் பார்க்கமாட்டா, என் கையைத்தான் பார்ப்பா.

வீடு, அரசாங்கம் எல்லாருக்கும் ஒரே அச்சில் கட்டித்தந்த வீடு. முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, பின்னால் நாங்கள் இறக்கிய குசினி. தெருவும் வாய்க்காலும் வடக்கில் போனதால் வாசலும் வடக்குப் பார்த்தது. முன்னறைக்கு யன்னல் இல்லை. வெளிச்சம் வருவதெல்லாம் அந்த வாசலால்தான்.

பிரேதத்தைத் தெற்கே தலைவைத்துத்தான் கிடத்துவார்கள். ஆகவே அக்காவின் கால்கள் வாசலுக்கு நேரே வந்தன. முகம் படத்தில் விழவேண்டுமென்று தலைமாட்டில், பெட்டிக்குக் கீழே, விதைநெல் மூட்டை ஒன்றைச் செருகி உயர்த்தினார்களாம். மழை விட்ட தை மாத வெயில். கூட்டி வெளுத்த முற்றத்தில் பட்டு, வெளிச்சம் தரையோடு தரையாக உள்ளே வந்திருக்கும். இவை எல்லாம் அம்மா வேறு எதையோ சொல்லும்போது ஊடே சொன்னவை. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செத்தவீட்டில் படமெடுப்பது எங்கள் ஆட்களிடம் புதிதல்ல. உயிரோடு இருக்கும்போது எடுத்தால் ஆயுள் குறையும் என்று பயந்து ஒதுங்குகிறவர்களும் செத்தபின் எடுக்கப் பயப்படமாட்டார்கள். வந்துசேர முடியாத சொந்தங்களுக்குக் காட்ட ஒன்று வேண்டும் அல்லவா. அக்காவின் கலியாணம் வெள்ளம் வந்த வருடம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வள்ளத்தில் வந்த கலியாணத்துக்குப் படக்காரரை யார் கூப்பிடுவார்கள்? அக்காவின் முகம் காகிதத்தில் விழுந்தது அந்த ஒரேயொரு தடவைதான், கண்ணை மூடியபடி.

முப்பத்தோராம் நாளன்று படக்காரர் மாங்குளத்திலிருந்து சைக்கிளில் படத்தைக் கொண்டுவந்தார். நானும் லீவு எடுத்து வந்திருந்தேன். அவர் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்.

“கண் திறந்தும் தரலாம். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினா தலையை மட்டும் தனிய எடுத்து, பெரிசாக்கி, கண் திறந்து தருவினம். உயிரோட இருந்தமாதிரி இருக்கும். ஆனா அது வேற காசு.”

ஐயா எழும்பிப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “எங்கடை பெடியன் படம் கீறத்தான் படிக்கிறான். கவுண்மேந்து காசு குடுத்துப் படிப்பிக்குது.”

படக்காரர் என்னைப் பார்த்தார். “தம்பி கண் கீறுவியளோ?”

“ஓம்.”

மண்பானைக்கு நல்ல புள்ளி எடுத்தவன் வேறு என்ன சொல்வான்.

அன்று பின்னேரம் ஆட்கள் போனபிறகு அம்மா பிள்ளையை மடியில் வளர்த்திக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தா. பிறகு குப்புறக் கவிழ்த்து வைத்தா.

“நாளைக்கு இவள் வளந்து என்ரை அம்மா ஆரெண்டு கேட்டா நான் எதைக் காட்டுறது? பெட்டியையோ? வாய் கட்டின ஒரு சவத்தையோ?” என்றா. “எனக்கு ஒண்டும் வேண்டாம். நான் கண்ணை மூடினா அவள் வருவாள். இவளுக்கு ஒரு முகம் வேணும், மோனை. நீ கீறித் தா.”

கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்தது இவ்வளவுதான்: எந்தப் படத்தையும் பிரித்துப் பார்த்தால் ஒருசில சாமான்கள்தான் மிஞ்சும். கோடு, வடிவம், ஒளிநிழல், நிறம், தொட்டால் எப்படியிருக்கும் என்று கண்ணுக்குச் சொல்கிற மேற்பரப்பு, ஒன்றும் வைக்காமல் விடுகிற வெளி. குசினியில் அரிசி, உப்பு, தேங்காய், மிளகாய் மாதிரி. கோயில் சுவரில் இருப்பதும் இதுதான், தீப்பெட்டியில் ஒட்டியிருப்பதும் இதுதான். இதைக் கேட்ட நாள் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. படிப்பில்லாத வீட்டிலிருந்து வந்தவனுக்கு, எந்தப் பெரிய விசயமும் எண்ணி எடுக்கக்கூடிய சில சாமான்களால் ஆனது என்று தெரிவது ஆறுதல்தானே. அந்தச் சாமான்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. ஆகவே அக்காவைச் செய்யலாம் என்று நம்பினேன்.

சித்திரை விடுமுறைக்கு ஒரு நல்ல தடித்த கடதாசியும் கரியும் பென்சிலும் கொண்டு வந்தேன். புகைப்படத்தில் அக்காவின் முகம் என் பெருவிரல் நகமளவு. அதன்மேல் தையல் நூலால் கட்டம் கட்டி, கடதாசியில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஏற்றினேன். சுற்றி நின்றவர்கள் ஒருவரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அம்மாவின் கை பெட்டியின் விளிம்பில் இருந்தது, அதையும் விட்டேன்.

முதல் தடங்கல் தாடைக்கட்டு. வாய் திறவாமலிருக்க நாடியிலிருந்து உச்சிவரை வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். உயிரோடு இருப்பவளுக்கு அது வராது. ஆனால் துணியை எடுத்தால் கீழே என்ன இருக்கிறது? காது. எந்தக் காது? எனக்கு நினைவில்லை. ஒரே பாயில் படுத்து வளர்ந்த அக்காவின் காது எனக்கு நினைவில்லை.

அம்மாவைக் கதிரையில் பக்கம் பார்த்து இருத்தினேன்.

“என்ரை காது அவளுக்கு ஆகாது, இது தோட்டுப் பாரத்தில தொங்கிப் போச்சு,” என்றா.

“தொங்கினதைக் குறைச்சுக் கீறுறன். ஆடாதேங்கோ.”

“உங்கடை கலாசாலையில செத்த ஆக்களுக்குக் காது வைக்கவோ படிப்பிச்சவங்கள்?”

பிறகு தழும்பு. அக்கா சின்ன வயதில் வாய்க்கால் கட்டில் விழுந்து புருவத்துக்குள் ஒரு வெட்டு இருந்தது. புகைப்படத்தில் அது தெரியவில்லை. அதை வைக்காமல் கீறினால் எவளோ ஒருத்தி என்று அம்மா சொல்லிவிட்டா. அம்மா தன் வலது புருவத்தைத் தொட்டுக் காட்டினா. அத்தான் தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

“எனக்கு நேர நிண்டு பாக்கேக்க இந்தப் பக்கம்,” என்றார் அத்தான்.

“எனக்கும் நேர நிண்டுதானே பாத்தவள். நான் பெத்தனான்.”

“நீங்கள் பெத்தனீங்கள், மாமி. வெட்டு பிறகுதானே வந்தது.”

அன்று எல்லாரும் சிரித்தோம். செத்தவீட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் வந்த முதல் சிரிப்பு. வெளியே கலப்பை கழுவிக்கொண்டிருந்த ஐயாதான் முடித்து வைத்தார். “இடது. நான்தான் மஞ்சள் வைச்சுக் கட்டினனான்.” ஒரு சின்னக் கோடு. கடதாசி முழுவதிலும் நான் அழுத்திப் போட்ட கோடு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கரியைத் தேய்த்து வந்த நிழல்.

நிறம் போடலாம் என்று பெட்டியில் வர்ணம் கொண்டு வந்திருந்தேன். கட்டின சேலை அரக்கு என்றா அம்மா. கத்தரிப்பூ நிறம் என்றார் அத்தான், வாங்கிக்கொடுத்தவர் அவர். பக்கத்துக் காணி மாமி வந்து இரண்டும் இல்லை, மயில்கழுத்து என்றா. சேலை அக்காவோடு எரிந்துவிட்டது. புகைப்படத்தில் அது சாம்பல் நிறமாக இருந்தது. ஆளின் நிறமே மாநிறமா பொதுநிறமா என்று வந்தபோது நான் வர்ணப்பெட்டியை மூடிவிட்டேன். பொட்டுக்கு மட்டும் சிவப்பு வை என்று அம்மா கேட்டா. சுமங்கலியாகப் போனவள் அல்லவா. கருப்பும் வெள்ளையுமான அந்த முகத்தில் அந்த ஒரு சிவப்பை வைத்தேன்.

கண்ணை ஆகக் கடைசிக்கு விட்டிருந்தேன்.

“அக்காவின்ரை கண் எப்பிடி, அம்மா?”

“உன்ரை கண்தான். நீ பிறந்த உடனை மருத்துவிச்சி சொன்னவள், தமக்கையின்ரை கண்ணைக் களவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறான் எண்டு.”

அத்தானின் சவரக் கண்ணாடியை அலுமாரியில் சாத்தி வைத்து, என் கண்ணைப் பார்த்துக் கீறினேன். மத்தியானம். எல்லாரும் வயலில். அம்மா பிள்ளையோடு உள்ளறையில். கூரைத் தகரத்தில் பாலைப்பழம் விழுகிற சத்தம் மட்டும். கண்ணாடியில் பார்த்து, கடதாசியில் பார்த்து, கண்ணாடியில் பார்த்துக் கீறும்போது ஒரு தடவை கடதாசிப் பக்கம் திரும்பினேன். கண்ணாடியைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டேன். அது கடதாசி. அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கண் திறந்துவிட்டது.

பலகையில் ஒட்டி மேற்குச் சுவரில், சுவாமி படத்துக்கு எதிரே, ஐயா ஆணி அடித்துத் தூக்கினார். நாலுபேரும் தள்ளி நின்று பார்த்தோம்.

“அவள்தான்,” என்றா அம்மா. கொஞ்சம் பொறுத்து, “பின்னுக்கு ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டா.

“பின்னுக்கு வெறும் வெளியா விட்டிருக்கிறன். அப்பிடித்தான் விடுறது.”

“தனிய நிக்கிறாள்,” என்றா.

அத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

விடுமுறை முடிவதற்குள்ளேயே வீட்டில் ஏதோ மாறிவிட்டது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா குசினிக்கு முன்னறையால் போவதை விட்டு, வெளியால் சுற்றிப் போகத் தொடங்கினா. கேட்டால், காலுக்கு நடை வேணும் என்றா. ஐயா வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டில் பக்கம் போய் இருந்தார். அத்தான் முன்னறையில் சாப்பிடவில்லை. எனக்கும் அந்த அறையில் முதுகைக் காட்டி இருக்க முடியவில்லை. இரவில் அல்ல. இரவில் இருட்டில் அது தெரியாது. நல்ல பகலில், வெயில் வாசலில் நிற்கும்போது.

பிழை எங்கே என்று பார்த்தேன். கோடு சரி. அளவு சரி, கட்டத்துக்குக் கட்டம் சரிபார்த்தேன். அக்காவின் வாய், அக்காவின் மூக்கு, அக்காவின் தழும்பு. ஆனால் சேர்த்துப் பார்த்தால், அக்காவின் முகத்தைப் போட்டுக்கொண்டு வேறு எதுவோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. மூக்குத் துவாரம் அளவுக்கு மேல் தெரிந்தது. நாடிக்கு அடியில் வெளிச்சம், கண்ணுக்கு மேலே இருட்டு. கன்னத்துச் சதை காதுப்பக்கம் ஒதுங்கியிருந்தது. எல்லாம் புகைப்படத்தில் இருந்தபடிதான். நான் எதையும் கூட்டவில்லை, கண்ணைத் தவிர.

பிள்ளையைக் கொண்டுவந்து காட்டும்போதெல்லாம் அது வீரிட்டு அழுதது. பசியாகவும் இருக்கலாம். பக்கத்துக் காணி மாமி மட்டும் மறைக்காமல் சொன்னா.

“பிள்ளைப்பெறுவோட போனவளை நிண்டுகொண்டு பாக்க வைச்சிருக்கிறியள். அவள் என்னத்தைப் பாப்பாள்? பிள்ளையைத்தான் பாப்பாள். கொத்திக்குக் கழிப்புக் கழிச்ச வீட்டில கொத்தியைக் கீறித் தூக்கியிருக்கிறியள்.”

கொத்தி என்பது பேற்றுவீட்டைச் சுற்றுகிற பேய்; அதைத் துரத்தச் செய்கிற சடங்குதான் கழிப்பு. மாமி போனபிறகு அம்மா ஒரு பழைய வேட்டியை எடுத்துப் படத்தை மூடினா. மூடினபிறகு இன்னும் மோசமாகிவிட்டது. காற்றுக்கு வேட்டி அசையும்.

நான் கலாசாலைக்குத் திரும்பினேன். அங்கே வகுப்பில் ஒளிநிழல் பாடம் நடக்கும்போது என் மனம் அந்த வேட்டியில் இருந்தது.

ஆவணி விடுமுறைக்கு வந்தபோது படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பிள்ளை தவழத் தொடங்கிவிட்டாள். தேநீர் குடித்து முடிய முன்னரே அத்தான் சொன்னார்.

“தம்பி, குறை நினையாதை. நான் இதை இண்டைக்கு வாய்க்காலில விடப்போறன்.”

“தண்ணியில விட என்ன, பிள்ளையாரோ?” குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. பிறகு அவாவே வந்தா, கையில் அகப்பையோடு.

“இல்லாட்டி எரிக்கிறன்.”

“ஒருக்கா எரிச்சாச்சு. ரெண்டாந்தரம் எரிக்க விடமாட்டன்.”

“பிள்ளை பயப்பிடுது, மாமி.”

“நீங்கள் பயப்பிடுறியள். பிள்ளையைச் சாட்டுறியள்.”

“ஓம், பயப்பிடுறன்,” என்றார் அத்தான். “அவள் என்னை ஒருநாளும் அப்பிடிப் பாத்ததில்லை. நானே அவள் உண்மையா எப்பிடிப் பாத்தவள் எண்டதை மறந்துகொண்டு வாறன். கண்ணை மூடினாலும் உதுதான் வருகுது. உது அவளை அழிச்சுப்போடும். பிள்ளைக்கு முகமில்லாட்டிலும் பரவாயில்லை, உந்த முகம் வேண்டாம்.”

அம்மாவின் கையிலிருந்த அகப்பையிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. அவா அதைத் துடைக்காமல் நின்றா. பிறகு திரும்பிக் குசினிக்குப் போனா.

அத்தான் படத்தை ஆணியிலிருந்து இறக்கினார். சுற்றிக் கொண்டுபோகச் சாக்கு எடுக்கவேண்டும். படத்தை முன்னறைத் தரையில், முகம் மேலே பார்க்க, கிடத்திவிட்டு வெளியே போனார். கால் தடுக்காமல் சுவரோரம் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். எந்தச் சுவர் என்று அவர் யோசித்திருக்கமாட்டார். நான் முற்றத்தில், கொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாக்கோடு திரும்பி வந்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார். உள்ளே போகவில்லை. நான் ஏதோ பாம்பாக்கும் என்று நினைத்தேன்.

“தம்பி,” என்றார். குரலைத் தாழ்த்தி, நித்திரையாய் இருக்கிற ஒருவரை எழுப்பிவிடாமல் கதைப்பது போல. “இஞ்சை வந்து என்ரை பக்கத்தில நில்.”

நான் போய் நின்றேன்.

அக்கா படுத்திருந்தா, தெற்குச் சுவரோரம், தலை தெற்கே. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சீமெந்துத் தரையின் குளிருக்காக முன்னறையில் பாயில்லாமல் படுத்து, நித்திரை கொள்ளாமல், வாசலால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாவே, அப்படி. நாடிக்கு அடியில் இருந்த வெளிச்சம் வாசல் வெளிச்சம். கண்ணுக்கு மேலே இருந்த இருட்டு தெற்குச் சுவரின் இருட்டு. ஒதுங்கின கன்னம், படுத்திருப்பவளின் கன்னம். மூக்குத் துவாரம் தெரிந்தது, நாங்கள் காலடியில் நின்று பார்ப்பதால். ஒரு பிழையும் இல்லை. நான் போட்ட ஒவ்வொரு நிழலும் அந்த வாசலிலிருந்துதான் வந்திருந்தது. படுத்திருந்தவளை எழுப்பிச் சுவரில் நிற்கவைத்தது மட்டும்தான் நாங்கள் செய்தது. செத்தவர்களைத் தெற்கே தலைவைத்துக் கிடத்துகிற, வடக்கே வாசல் வைத்த ஒரு வீட்டில்தான் இப்படி ஒரு முகம் விழும் என்பது எனக்கு அந்தப் படியில் நின்றுதான் விளங்கியது.

“அம்மா,” என்று கூப்பிட்டேன்.

அவா குசினிப் பக்கத்தால் முன்னறைக்குள் வந்து, தலைமாட்டிலிருந்து பார்த்தா. முகத்தைச் சுளித்தா. “சுத்தி வாங்கோ,” என்றார் அத்தான். அவா சுற்றி வந்து எங்களுக்கு நடுவில் நின்று குனிந்தா. பிறகு, அக்கா உயிரோடு இருக்கும்போது தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னா.

“வெறுந்தரையில படுக்காதை எண்டு எத்தினைதரம் சொல்லுறது.”

நாங்கள் மூவரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் பிள்ளை எங்கள் கால்களுக்கிடையால் தவழ்ந்து உள்ளே போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் நேரே படத்தில் ஏறி, எச்சில் கையை அக்காவின் கன்னத்தில் வைத்தாள். அழவில்லை. கையை இழுத்தபோது கரி கலங்கி, கன்னத்திலிருந்து கழுத்துவரை ஐந்து விரல் தடம் விழுந்தது. நான் தூக்க ஓடினேன். அத்தான் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

அந்தத் தடத்தை நான் திருத்தவில்லை. முழுக் கடதாசியிலும் தோல் மாதிரித் தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

இனிப் படத்தைச் சுவரில் தூக்குவதில்லை என்று முடிவாயிற்று. ஆனால் தரையில் கிடந்தால் பிள்ளை அழித்துவிடுவாள், கறையான் வேறு. அத்தான் படத்தைக் கிடத்தி வைக்க முதிரைப் பலகையில், ஒரு சாண் உயரத்துக்குக் கால் வைத்த வாங்கு ஒன்று செய்வித்தார். மாங்குளத்திலிருந்து கண்ணாடி வந்தது; பிள்ளை ஏறி நின்றாலும் உடையாத தடிப்பு வேணும் என்று கேட்டு, சாக்குக்குள் வைக்கோல் அடைத்து, வண்டியில் தானே கொண்டு வந்தார். அக்கா கன்றிலிருந்து வளர்த்த நாம்பன் மாடு அதற்காக விலைக்குப் போனது. இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று, குனிந்து, எங்கள் அக்காவைப் பார்க்கிறார்கள். அதன் குறுக்கே யாரும் நடப்பதில்லை, சுற்றித்தான் போகவேண்டும். முன்னறையில் பாதி இடம் அதற்குப் போய்விட்டது.

பக்கத்துக் காணி மாமி வந்து பார்த்துவிட்டு, “சவத்தை இன்னும் கிடத்தி வைச்சிருக்கிறியள்,” என்றா.

“உங்கடை பிள்ளையள் வடக்கயோ தலைவைச்சுப் படுக்கினம், மச்சாள்?” என்று அம்மா கேட்டா. “செத்த ஆளுக்கும் தெற்கைதான், நித்திரை கொள்ளுற ஆளுக்கும் தெற்கைதான்.”

ஆனாலும் மாமி சொன்னது முழுக்கப் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. மத்தியானங்களில் வாசலால் வெயில் ஏறி வரும்போது, அந்தக் கண்ணாடிக்குக் கீழே வெளிச்சம் நகர்கிறது. அப்போது அக்கா மூச்சு விடுவதுபோல் இருக்கும். மாலையில் வெளிச்சம் போனதும் நிற்கும். அத்தானை இன்னொரு கலியாணம் செய்யச் சொல்லி அம்மாவே கேட்டுப் பார்த்தா. “அவள் முழிச்சுக்கொண்டெல்லே கிடக்கிறாள்,” என்று சொல்லிவிட்டார். என்னோடு அன்பாகத்தான் கதைப்பார். ஆனால் என் கண்ணைப் பார்த்துக் கதைப்பதில்லை, தோளைப் பார்த்துத்தான்.

இப்போது நான் பளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்குக் கோடும் வடிவமும் ஒளிநிழலும் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கோ என்று சொல்கிறேன். ஏன் அதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் மருமகள் என்னை விடமாட்டாள். நன்றாகக் கதைக்கிறாள். படத்தில் அக்காவுக்கு நான் வைத்த காது, அம்மாவின் காது, அவளுக்கும் அப்படியே இருக்கிறது. போன முறை சாப்பிட்டு முடிந்ததும் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா, படுங்கோ.”

“எங்கை?”

“இதில. அம்மாவுக்குப் பக்கத்தில. தலை அங்காலை.”

படுத்தேன். சீமெந்து குளிர்ந்தது. அவள் என் காலடிக்குப் போய், வாசலில், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு அவளின் உருவம் மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

“கண்ணை மூடாதேங்கோ.”

“மூடேல்லை.”

“சிமிட்டவும் வேண்டாம்.”

அவள் பார்த்து முடியும்வரைக்கும் நான் சிமிட்டாமல் கிடந்தேன். பக்கத்தில், கண்ணாடிக்குக் கீழே, அக்காவும் சிமிட்டாமல் கிடந்தா. குசினியில் அம்மா அரிசி களைகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“இப்ப சரி,” என்றாள் மருமகள். வெளியே விளையாட ஓடிவிட்டாள். நான் உடனே எழும்பவில்லை.

படக்காரருக்குப் பதினைந்து ரூபா. கடதாசிக்கும் கரிக்கும் ஏழு. வாங்குக்கும் கண்ணாடிக்கும் நாம்பன் விற்ற காசு முழுவதும், அறுபத்தைந்து. அக்காவின் முகத்துக்கு எல்லாமாக எண்பத்தேழு ரூபா.